மூச்சு வாங்குவது ஏன்?

தூங்குகிறவரின் வயிற்றைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். மெல்ல மேலெழும், தானாக அடங்கும், பிறகு ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. அந்த ஓய்வுக்குக் காரணம் உண்டு. நுரையீரலிடம் தன்னை விரித்துக்கொள்ளத் தசை கிடையாது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிந்திருக்கும் உதரவிதானம் சுருங்கிக் கீழிறங்கும்போது மார்புக்குள் இடம் கூடி, அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று உள்ளே வருகிறது. விடுவதற்கோ உழைப்பே வேண்டாம். உதரவிதானம் தளர்ந்தால் போதும், இழுபட்டிருந்த நுரையீரல் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும்.

இப்படி ஒரு மூச்சில் சுமார் அரை லிட்டர் காற்று போய் வருகிறது. அதிலும் 150 மில்லி அளவு மூச்சுக்குழாய்களோடு நின்று, எந்த வேலையும் செய்யாமல் திரும்பிவிடும். மேலோட்டமாக வேகவேகமாக மூச்சு விடுவதில் லாபம் குறைவு என்பது இதனால்தான்.

சரி, மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதே, ஏன்? ஆக்சிஜன் போதவில்லை என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஆனால் ஆரோக்கியமான ஒருவர் ஓடும்போதுகூட, நுரையீரலைவிட்டுக் கிளம்பும் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறக்குறைய நிறைந்தே இருக்கிறது. நாம் வெளியே விடும் காற்றிலேயே 16 விழுக்காடு ஆக்சிஜன் மிச்சமிருக்கும். வாயோடு வாய் வைத்து ஊதி ஒருவரைப் பிழைக்க வைக்க முடிவது அதனால்தான்.

மூச்சை முடுக்குவது பெரும்பாலும் கரியமில வாயு. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் ஸ்காட் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இல் இதை அளந்து காட்டினார்கள். நுரையீரலின் காற்றறைகளில் கரியமில வாயு 0.2 விழுக்காடு கூடினாலே சுவாசம் ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆக்சிஜன் ஓரளவு குறைந்தாலோ உடல் அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை. மூச்சடக்கும்போது வரும் தாங்க முடியாத தவிப்பு கரியமில வாயு சேர்வதால் வருவது. நீரில் மூழ்கும் முன் சிலர் வேகவேகமாக மூச்சிழுத்து விடுகிறார்கள். அதனால் ஆக்சிஜன் சொல்லும்படி கூடுவதில்லை. கரியமில வாயு வெளியேறி, எச்சரிக்கை மணிதான் கழற்றப்படுகிறது. தவிப்பு வருமுன்பே ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்குள்ளேயே மயங்கி இறந்தவர்கள் உண்டு. அந்தப் பழக்கம் அறவே கூடாது.

இங்கேதான் புதிர் தொடங்குகிறது. மிதமான ஓட்டத்தின்போது தமனி ரத்தத்தில் கரியமில வாயுவும் பெரிதாகக் கூடுவதில்லை. தசைகள் அதைக் கொட்டக் கொட்ட, மூச்சு அதே வேகத்தில் வெளியேற்றிவிடுகிறது. மணியே அடிக்காதபோது மூச்சு எப்படி வேகமெடுத்தது? கோபன்ஹேகனில் ஆகஸ்ட் குரோக்கும் லிண்ட்ஹார்டும் 1913இல் வெளியிட்ட ஆய்வில், உழைப்பு தொடங்கிய அந்தக் கணமே சுவாசம் துள்ளி உயர்வதைக் காட்டினார்கள். காலிலிருந்து கிளம்பிய ரத்தம் மார்பை எட்டக்கூட அவகாசமில்லை. காலுக்கு ‘நட’ என்று கட்டளையிடும்போதே மூளை சுவாச மையத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. மூட்டுகளிலிருந்தும் தசைகளிலிருந்தும் செய்தி போகிறது. நம் காலை வேறொருவர் பிடித்து ஆட்டினாலும் மூச்சு கொஞ்சம் கூடும். இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கு உடலியலாளர்களிடையே இன்னும் தீர்ந்தபாடில்லை. எனக்கு அதுவே இதில் மிகச் சுவையான இடம்.

வேகம் கூடக் கூட, அந்த ஒரு கண ஓய்வு காணாமல் போகிறது. விடுவதும் இப்போது உழைப்பாகிவிடுகிறது. வயிற்றுத் தசைகள் இறுகிக் காற்றைத் தள்ளுகின்றன. ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டராக இருந்தது 100 லிட்டரைத் தாண்டும். தேர்ந்த படகோட்டிகள் சிலரிடம் 200ஐயும் தாண்டும். அந்த நிலையில், உடல் பெறும் ஆக்சிஜனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மூச்சுத் தசைகளுக்கே செலவாகிறது. நுரையீரலின் நுண்குழாய்களில் ரத்தம் தங்கும் நேரமும் முக்கால் நொடியிலிருந்து ஏறக்குறைய கால் நொடியாகச் சுருங்கும். பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

ஆக, பெரும்பாலோர் ஓட முடியாமல் நிற்பது நுரையீரல் கைவிட்டதால் அல்ல. இதயம் அனுப்பும் ரத்தத்துக்கும் தசை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனுக்கும்தான் எல்லை. மாதக்கணக்கில் பயிற்சி செய்தாலும் வளர்ந்தவர்களின் நுரையீரல் பெரிதாக மாறுவதில்லை; ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தம் கூடுகிறது, தசையில் நுண்குழாய்கள் பெருகுகின்றன. அதே மூன்று மாடி இலகுவாகிவிடுவது அப்படித்தான்.