செம்மண்ணும் ஸ்போர்ட் ரிம்மும்

மழைக்காலத்தில் தம்பின் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குள் கார் போய்வந்தால் ரிம் முழுக்கச் செம்மண் அப்பியிருக்கும். டயரும் பெரிய சாலைக்கு வந்த பிறகும் தடம் விட்டுக்கொண்டே வரும். மலாக்கா, நெகிரி செம்பிலான் பகுதிகளில் பரவலாகக் கிடக்கும் இந்தச் செஞ்சரளை மண் எப்படி உண்டானது தெரியுமா? வெயிலும் மழையும் நெடுங்காலம் பாறையை அரித்து, மற்றவற்றைக் கரைத்துக் கொண்டுபோக, எளிதில் கரையாத இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் தங்கிவிட்டன. இதே அரிப்பு இன்னும் முற்றினால் கிடைப்பதுதான் பாக்சைட், அதாவது அலுமினியத் தாது. அலுமினிய ரிம்மும் அதில் ஒட்டிய சேறும் ஒருவகையில் சொந்தக்காரர்கள்.

இந்தச் சேற்றைப் போக்கத் தண்ணீரும் கார் ஷாம்பூவுமே போதும். ஆனால் காய்ந்த மண்ணைத் துணியால் தேய்க்கக்கூடாது. அதிலுள்ள மணல் துகள் ரிம்மின் மேல்பூச்சைக் கீறிவிடும். முதலில் நன்றாகத் தண்ணீர் பீய்ச்சி ஊறவிட்டு, பிறகு கார் ஷாம்பூவும் மெத்தென்ற பிரஷும். ஓடி வந்த சூட்டோடு வேண்டாம், ரிம் ஆறட்டும்.

பிடிவாதமானது பிரேக் தூசி. பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கிலிருந்து தேய்ந்து பறக்கும் சூடான இரும்புப் பொடி மேல்பூச்சில் பதிந்து, நம்மூர் ஈரத்தில் துருவேறி ஆரஞ்சுப் புள்ளிகளாகிவிடும். இதற்கென விற்கும் இரும்பு நீக்கியில் இருப்பது பெரும்பாலும் தயோகிளைகோலேட். முடிதிருத்தும் கடையில் கூந்தலைச் சுருளாக்கும் மருந்தும் இதே குடும்பம்தான். நாற்றமும் அதே கந்தக நாற்றம். இரும்பைப் பிடித்ததும் ஊதா நிறமாகி வழியும். அது காய்வதற்குள் கழுவிவிட வேண்டும்.

உலோகத்தின் இயல்பு தெரிந்தால் எதைத் தவிர்ப்பது என்பது விளங்கும். வார்ப்பு ரிம்களில் பொதுவாக அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கனும் சிறிது மக்னீசியமும் சேர்ந்திருக்கும். காற்றுப் பட்டதுமே அலுமினியம் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. ஏறக்குறைய பி.எச். 4 முதல் 9 வரைதான் அந்தத் தோல் நிலைக்கும். கடும் அமிலமும் கரைக்கும், கடும் காரமும் கரைக்கும். ஆகவே கழிவறை கழுவும் அமிலம், அடுப்புப் பிசுக்கு எடுக்கும் காஸ்டிக் சோடா, தோட்டத்தில் ரப்பர் பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலம், எதுவும் ரிம் பக்கம் வரக்கூடாது.

சாலையோரக் கல்லில் உரசி மேல்பூச்சு பெயர்ந்த இடத்தைச் சும்மா விடாதீர்கள். ஈரமும் உப்பும் உள்ளே புகுந்து, பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல அரிப்பு பரவும். மேலே பாலிஷ் போட்டு அதை மறைக்க முடியாது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது வேறு. கடுமையான ரிம் கழுவும் திரவங்கள் சிலவற்றில் அமோனியம் பைபுளோரைடோ ஹைட்ரோபுளோரிக் அமிலமோ இருக்கும். இவற்றின் புளோரைடு தோலைத் தாண்டி உள்ளிறங்கி உடலின் கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும். நீர்த்த திரவமென்றால் வலி தெரியவே பல மணி நேரம் ஆகலாம். கார் கழுவுமிடத்தில் வெறுங்கையோடு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும். புட்டியில் இந்தப் பெயர்கள் இருந்தால் வாங்காதீர்கள். கையில் பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கழுவி, வலி வரட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். எந்தத் திரவம் என்பதையும் சொல்லுங்கள். அதற்குக் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு என்ற மருந்து இருக்கிறது.