நம் ஏரித் தண்ணீரும் கடல் கிருமியும்



ஒரகடம் எங்கே, கடல் எங்கே, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மழைக்காலத்தில் நம் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் எங்கே போகிறது? ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் சேருகிறது. செம்பரம்பாக்கத்தைத் திறந்தாலும் அதே ஆறுதான். சுமார் 42 கிலோமீட்டர் ஓடும் அந்த ஆறு, சென்னையில் கடலில் கலக்கிறது. நம் வாய்க்காலில் கொட்டுவதும் அதோடு சேர்ந்தே போகிறது.

கிருமி எல்லாம் கெட்டதா?

இல்லை. பாலைத் தயிராக்குவதும், சாணத்தை எருவாக்குவதும் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள்தான். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்திலும் இவை கோடிக்கணக்கில் இருக்கின்றன. இலை, தழை, செத்த மீன் எல்லாவற்றையும் மக்கவைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்வது இவைதான்.

கழிவு அதிகமானால்?

கழிவைத் தின்னும்போது இவை தண்ணீரில் உள்ள பிராணவாயுவையும் செலவழிக்கின்றன. அளவுக்கு மீறிச் சாக்கடை வந்தால் பிராணவாயு தீர்ந்துவிடும். உடனே, அது இல்லாமலே வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள் பெருகும். அவை வெளிவிடும் வாயுதான் அழுகின முட்டை நாற்றம். சேறு கறுத்துப்போகும். மீன்குஞ்சும் இறாலும் பிழைக்காது. அங்கே வலை வீசும் குடும்பங்களின் பிழைப்பும் போகும்.

வெப்பம் கூடினால்?

பூமியில் கூடும் வெப்பத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. வெதுவெதுப்பான, லேசான உப்புத் தண்ணீர் 'விப்ரியோ' என்ற பாக்டீரியா இனத்துக்கு ரொம்பப் பிடிக்கும். காலரா கிருமி இந்த இனத்தைச் சேர்ந்தது. தண்ணீரில் மிதக்கும் மிகச் சிறிய பூச்சிகளின் மேல் இது ஒட்டிக்கொண்டு வாழும்.

1992 அக்டோபரில், அதுவரை யாரும் பார்க்காத ஒரு புது வகை காலரா கிருமி சென்னையில் தென்பட்டது. அதற்கு 'ஓ-139' என்று பெயர் வைத்தார்கள். சில மாதங்களில் வங்கதேசம் வரை பரவியது. புது வகை என்பதால் பெரியவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. கரையோரக் கிருமிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதற்கு இது சாட்சி. 2015 டிசம்பர் மாதிரி பெருமழை வந்தால் சாக்கடையும் குடிநீரும் கலந்துவிடும். அப்போது ஆபத்து நம் வாசலுக்கே வந்துவிடும்.

புடவை காட்டிய வழி

வங்கதேசக் கிராமப் பெண்கள் பழைய பருத்திப் புடவையைப் பல மடிப்பாக மடித்து, அதில் குடிதண்ணீரை வடிகட்டினார்கள். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2003-இல் இந்த ஆய்வு வெளியானது. கிருமி ஒட்டியிருந்த பூச்சிகள் துணியில் நின்றுவிட்டன, அவ்வளவுதான். ஆனால் துணி எல்லாக் கிருமியையும் பிடிக்காது. ரசாயனக் கழிவையும் பிடிக்காது.

நாம் செய்ய வேண்டியவை

• மழைக்காலத்தில் தண்ணீரை வடிகட்டி, பிறகு தளதளவென்று கொதிக்கவைத்துக் குடியுங்கள். ரசாயனம் கலந்த சந்தேகம் இருந்தால் அந்தத் தண்ணீரே வேண்டாம். கொதித்தாலும் ரசாயனம் போகாது.

• வயிற்றுப்போக்கு வந்தால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து கலக்கிக் கொடுங்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

• கழிவுநீர் லாரி ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டினால், "ஒரு லாரிதானே, மழை வந்தா அடிச்சிட்டுப் போயிடும்" என்று விடாதீர்கள். தேதி, நேரம், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு ஊராட்சியிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் குழுவாக மனு கொடுங்கள்.

• ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஒருத்தி கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். பத்துக் குழு சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் இதை வாசித்துக் காட்டுங்கள். உங்கள் ஊர் வாய்க்கால் எந்த ஏரிக்குப் போகிறது என்று எல்லோருமாகப் பேசிப் பாருங்கள்.