சைரன் ஒலித்தால் எங்கே செல்வது?
டென்மார்க்கின் திடீர் வெள்ளமும் எமது குடும்பங்கள் அறிய வேண்டிய எச்சரிக்கைகளும்

மழையும் வெள்ளமும் எமது மக்களுக்குப் புதியன அல்ல. மாரியில் குளங்கள் உடைப்பெடுத்ததையும், 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி சின்னாபின்னமாக்கியதையும் கண்டவர்கள் இன்றும் எம்மிடையே வாழ்கின்றனர். மலையோ பேராறோ இல்லாத இந்நாட்டில் வெள்ளம் வந்து என்ன செய்துவிடும் என அவர்கள் எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதை 2011 ஆம் ஆண்டு ஜூலை 2 ஆம் திகதி கோப்பன்ஹேகன் நகரம் உணர்த்தியது.

அன்று சனிக்கிழமை மாலை. நகரின் தாவரவியல் பூங்காவில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 135 மில்லி மீற்றர். அதன் பெரும்பகுதி இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்தது. கழிவுநீர்க் குழாய்கள் தாங்காது நீரை மேலே தள்ளின. நெடுஞ்சாலைகள் ஆறுகளாயின, ஆயிரக்கணக்கான கட்டடங்களின் நிலவறைகள் நிரம்பின, நாட்டின் பெரிய மருத்துவமனையான றிக்ஸ்ஹொஸ்பிற்றலும் ஆபத்துக்குள்ளானது. சேதம் ஏறத்தாழ 600 கோடி குரோனர் என மதிப்பிடப்பட்டது. வெள்ளம் வடிந்த பின்னரும் ஆபத்து நீங்கவில்லை. துப்புரவுப் பணியில் ஈடுபட்ட ஒருவர் எலிக்காய்ச்சலால் உயிரிழந்தார். துப்புரவுத் தொழிலில் எம்மவர் பலர் இருப்பதால் இச்செய்தி எமக்கு முக்கியமானது.

எச்சரிக்கை எவ்வாறு வருகின்றது?

அரைமணி நேரத்தில் 15 மில்லி மீற்றருக்கு மேல் பெய்யும் மழையை இந்நாட்டவர் 'ஸ்கூபுறுட்', அதாவது மேகவெடிப்பு, என்பர். இதனை முன்னறிவிப்பது டி.எம்.ஐ. எனப்படும் வானிலை நிலையம். அதன் எச்சரிக்கைகள் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிறங்களில் வரும். சிவப்பே மிகக் கடுமையானது.

உயிராபத்து நெருங்கும் வேளைக்கென நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சைரன்கள் நிறுவப்பட்டுள்ளன. விரைவாக உயர்ந்து மெதுவாகத் தாழும் ஒலி, ஆபத்து என்பதைக் குறிக்கும். உடனே வீட்டினுள் சென்று, டி.ஆர். அல்லது ரி.வி.2 நிலையத்தின் அறிவித்தலைக் கேட்க வேண்டும். நீண்டு நிலைத்த ஒரே ஒலி, ஆபத்து நீங்கியதைக் குறிக்கும். ஆண்டுதோறும் மே மாதத்தின் முதற் புதன்கிழமை நண்பகல் 12 மணிக்கு இவை பரீட்சிக்கப்படுகின்றன. 2023 ஆம் ஆண்டு முதல், ஆபத்தான பகுதியிலுள்ள கைத்தொலைபேசிகளுக்கும் பலத்த ஒலியுடன் எச்சரிக்கை அனுப்பும் முறை நடைமுறையில் உள்ளது. இதற்கு எவரும் பதிவுசெய்ய வேண்டியதில்லை. தொலைபேசி இயக்கத்தில் இருக்க வேண்டும்.

தாமதித்த எச்சரிக்கையின் விலை

கருவிகள் இருந்தும் பயனற்றுப் போகலாம் என்பதற்கு ஸ்பெயினின் வலென்சியா சாட்சி. 2024 ஒக்ரோபர் 29 ஆம் திகதி காலையிலேயே அங்கு வானிலை நிலையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. ஆயினும் மக்களின் தொலைபேசிகளுக்கு அறிவித்தல் வந்து சேர்ந்தது இரவு 8 மணிக்குப் பின்னரே. அதற்குள் பலர் இறந்துவிட்டனர். மொத்தத்தில் 220 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் சிலர் வாகனத்தை மீட்க நிலக்கீழ்த் தரிப்பிடங்களுக்கு இறங்கியவர்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கைக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்நேரம் முழுவதும் எமது கரையோர மக்களுக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.

எச்சரிக்கை, அதனை விளங்கிக்கொள்பவருக்கே எச்சரிக்கை. மற்றவருக்கு அது வெறும் ஓசை. பிள்ளைகள் பாடசாலையிலும் பெற்றோர் வேலையிலும் இருக்கும் பகற்பொழுதில், டெனிஷ் மொழி அறியாத பாட்டியோ தாத்தாவோ வீட்டில் தனித்திருக்கும் குடும்பங்கள் எம்மிடையே பல உள்ளன.

இங்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழியை நோக்கி ஓடிப் பழகியவர்கள் நாம். நிலத்தின் கீழே பாதுகாப்பு என்பதை எமது உடலே கற்று வைத்திருக்கின்றது. திடீர் வெள்ளத்தில் அப்பழக்கமே உயிரைப் பறிக்கக்கூடும். நீர் முதலில் நிரப்புவது நிலவறையைத்தான். வெளியே நீர் அழுத்தும்போது கதவைத் திறப்பது பலசாலிக்கும் இயலாது. ஆகவே வெள்ளத்தில் மேலே செல்லுங்கள். எக்காரணம் கொண்டும் கீழே இறங்காதீர்கள்.

இன்றே செய்யத்தக்கவை

கடவுச்சீட்டு, வதிவிட அனுமதி, பிறப்புச் சான்றிதழ், ஊரிலிருந்து கொண்டுவந்த புகைப்படங்கள் ஆகியவற்றை நிலவறையில் வைத்திருப்பின் இன்றே மேலே எடுங்கள். இழந்தால் மீளப் பெறமுடியாதவை அவை. நீரில் மூழ்கிய பொருட்களைக் கையுறையும் நீர்புகாக் காலணியும் இன்றித் தொடாதீர்கள். தேங்கிய நீருக்குள் வாகனத்தைச் செலுத்தாதீர்கள். உயிராபத்தெனில் 112 ஐ அழைத்து, முதலில் இருக்கும் இடத்தின் முகவரியைக் கூறுங்கள். அம்முகவரியை டெனிஷ் எழுத்தில் தொலைபேசி அருகே எழுதி ஒட்டிவையுங்கள்.

ஆலயங்களும் தேவாலயங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் தனித்திருக்கும் முதியோரின் பட்டியலொன்றைத் தயாரித்து, எச்சரிக்கை வந்ததும் யார் யாரை அழைப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கலாம். அடுத்த மே மாதம் முதற் புதன்கிழமை சைரன் பரீட்சிக்கப்படும்போது வீட்டிலுள்ள பெரியோருடன் சேர்ந்து அதனைக் கேளுங்கள். இரு ஒலிகளின் வேறுபாட்டையும் பேரப்பிள்ளைகளே அவர்களுக்கு விளக்கட்டும். அரசு சைரனை ஒலிக்கச் செய்யும். அதன் பொருளை எம்மவரின் காதில் தமிழில் சேர்ப்பது எமது கடமையாகும்.