பின்பால் கட்டும் சிறு பட்டறைக்காரர்கள்

மரக்காணம் உப்பளத்தில் பாத்தி கட்டுகிறவர்களுக்குச் சாய்வைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உவர்நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தானாக நகர வேண்டும். அதற்குக் கண்ணுக்குத் தெரியாத சாய்வு போதும். கொஞ்சம் கூடிவிட்டால் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கும், மறுமூலை காய்ந்துபோகும். சாய்ந்த மேசையில் குண்டை உருட்டி ஆடும் பின்பால் இயந்திரத்தைக் கட்டுகிறவர்களின் வேலையும் இதே கேள்வியில்தான் தொடங்குகிறது: எவ்வளவு சாய்க்கலாம்?

இன்றைய பின்பால் மேசைகளில் வழக்கமான சாய்வு ஆறரை டிகிரி. ஒரு மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையைப் பதினொரு சென்டிமீட்டர் உயர்த்தினால் அந்தச் சாய்வு வந்துவிடும். அதன் மேல் சுமார் 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டு உருளுகிறது. வழியில் எதுவும் தடுக்காவிட்டால் ஒரு மீட்டரைக் கடக்க ஒன்றரை நொடிக்குச் சற்று மேல் பிடிக்கும். வழுக்கிக்கொண்டு இறங்கியிருந்தால் இன்னும் வேகமாக வந்திருக்கும். உருளும்போது ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்கே போய்விடுகிறது. அந்த ஒன்றரை நொடியை இரண்டு நிமிடமாகவோ ஐந்து நிமிடமாகவோ இழுத்துப் பிடிப்பதுதான் ஆட்டம்.

ஆணி அடித்த பலகையில் குண்டை உருட்டும் பேகடெல் விளையாட்டை நம் வீடுகளில் பலர் ஆடியிருப்பார்கள். பின்பாலின் பாட்டன் அதுதான். 1871இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் குடியேறியிருந்த மான்டேக் ரெட்கிரேவ் என்ற ஆங்கிலேயர், குண்டை ஏவ ஸ்பிரிங் வைத்த தண்டைப் பொருத்திக் காப்புரிமை பெற்றார். 1931இல் டேவிட் காட்லீப்பின் ‘பேஃபிள் பால்’ கடைகளுக்கு வந்தது. பொருளாதாரம் சரிந்து கிடந்த அந்தக் காலத்தில் ஒரு சென்ட் நாணயத்துக்கு ஆடக் கிடைத்த அந்தப் பெட்டி பெருவாரியாக விற்றது. ஆனால் குண்டை ஏவிய பிறகு ஆடுபவருக்கு அதில் வேலையே இல்லை, எங்கே விழுகிறதோ அதுதான் கணக்கு. அதனால் சூதாட்டம் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. 1942இல் நியூயார்க் மேயர் லகார்டியா பின்பாலைத் தடை செய்து, பறிமுதல் செய்த பெட்டிகளைச் சம்மட்டியால் உடைக்கவும் செய்தார். திறமையால் ஆடும் ஆட்டம் இது என்று ரோஜர் ஷார்ப் என்ற ஆட்டக்காரர் நகரமன்றத்தார் கண்ணெதிரே ஆடிக் காட்டிய பிறகு, 1976இல்தான் அங்கே தடை நீங்கியது.

திறமைக்கு இடம் கொடுத்த உறுப்பு பிளிப்பர். 1947இல் ‘ஹம்ப்டி டம்ப்டி’ என்ற மேசையில் வடிவமைப்பாளர் ஹாரி மாப்ஸ் அதை முதலில் பொருத்தினார். மறு ஆண்டு ஸ்டீவ் கார்டெக் இரண்டே இரண்டு பிளிப்பரை மேசையின் கீழ்முனையில், குண்டு விழும் வாய்க்கு இருபுறமும் வைத்தார். இன்று வரை அந்த இடம் மாறவில்லை.

பிளிப்பரை அருகில் வைத்துப் பார்த்தால் இயந்திரத்தின் மொத்த புத்தியும் புரியும். வெளியே தெரிவது ரப்பர் வளையம் மாட்டிய விரல் நீள நெம்புகோல். பலகைக்கு அடியில் அதன் அச்சோடு ஓர் இரும்புத் தண்டு இணைந்திருக்கிறது. தண்டைச் சுற்றிச் செப்புக் கம்பிக் காயில். பொத்தானை அழுத்தியதும் காயில் மின்காந்தமாகித் தண்டை உள்ளே இழுக்கிறது, பிளிப்பர் எழும்பிக் குண்டை அடிக்கிறது. சிக்கல் இதற்கு மேல்தான். கனத்த குண்டை மேசையின் உச்சி வரை அடித்து ஏற்ற நிறைய மின்னோட்டம் வேண்டும். ஆடுபவர் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டு பிளிப்பர் மேல் குண்டை நிறுத்தினால், அதே மின்னோட்டம் சில நொடிகளில் காயிலைக் கருக்கிவிடும். ஆகவே ஒரே காயிலில் இரண்டு சுற்று கட்டினார்கள். ஒன்று தடித்த கம்பி, அடிப்பதற்கு. மற்றது மெல்லிய கம்பியில் பல சுற்று, பிடித்து வைப்பதற்கு. பிளிப்பர் முழுக்க எழும்பியதும் அதுவே ஒரு சுவிட்சைத் தட்டித் தடித்த சுற்றுக்குப் போகும் மின்சாரத்தை அடக்கிவிடும். இப்போது பல இயந்திரங்களில் இந்த வேலையைக் கணினிப் பலகை செய்கிறது. ஆனாலும் பழைய இரட்டைச் சுற்றுக் காயிலில் இருக்கும் அழகு எனக்கு இன்னும் குறையவில்லை.

மேசையை ஆட்டி ஏமாற்றுவதைக் கண்டுபிடிக்கும் கருவியும் எளியதுதான். கொத்தனார் தூக்குக்குண்டு போல ஓர் உலோகக் குண்டு ஒரு வளையத்துக்கு நடுவே தொங்கும். மேசை அளவுக்கு மீறி ஆடினால் குண்டு வளையத்தைத் தொடும், சுற்று முழுமையாகும், பிளிப்பர்கள் செத்துவிடும்.

இப்படிப்பட்ட உறுப்புகள் ஓர் இயந்திரத்தில் சுமார் மூவாயிரத்து ஐந்நூறு. உள்ளே ஓடும் கம்பி ஏறத்தாழ அரை மைல். இவற்றை மனிதக் கைகள்தான் பொருத்துகின்றன. கம்பிக் கற்றை கட்டும் மேசையைக் கற்பனை செய்து பாருங்கள். பெரிய மரப்பலகையில் கம்பி போக வேண்டிய பாதை முழுக்க ஆணி அடித்திருக்கிறது. தொழிலாளி ஒவ்வொரு நிறக் கம்பியையும் ஆணிகளுக்கு இடையே வளைத்து இழுத்து, கிளை பிரியும் இடத்தில் வெட்டிக் கட்டுகிறார். முழுக் கற்றையும் கட்டி முடிந்ததும் பலகையிலிருந்து அப்படியே தூக்கி, கவிழ்த்து வைத்த ஆட்டப்பலகையின் அடியில் பொருத்துவார்கள்.

இத்தனை கைவேலை வேண்டிய பொருளைப் பெரிய ஆலைகள் வெகுநாள் தாங்கவில்லை. 1992இல் வந்த ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ என்ற பின்பால் மேசை இருபதாயிரத்துக்கு மேல் விற்றது. ஏழே ஆண்டில் வீடியோ கேம் அலையில் வில்லியம்ஸ் நிறுவனம் பின்பால் பிரிவையே மூடியது. அதன் பிறகு வெகுகாலம் பெரிய அளவில் தாக்குப்பிடித்தது சிகாகோ பக்கம் கேரி ஸ்டெர்ன் நடத்திய நிறுவனம் ஒன்றுதான்.

அந்த வெற்றிடத்தில்தான் சிறு பட்டறைக்காரர்கள் வந்தார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் ஆயிரம் பேர் அளவே வாழும் பென்டன் என்ற சிற்றூர். அங்கே சார்லி எமெரி 2013இல் ‘ஸ்பூக்கி பின்பால்’ என்று தொடங்கினார். குடும்பமே வேலையில் இறங்கியது. பழைய கேம் கருவிகளைப் பிரித்து மாற்றிக் கட்டிப் பேர் வாங்கிய பென் ஹெக்கென்டார்ன் முதல் இயந்திரத்தை வடிவமைத்தார். ‘அமெரிக்காஸ் மோஸ்ட் ஹான்டட்’ என்ற அதை 150 மட்டுமே கட்டினார்கள். கதை சொந்தக் கற்பனை, அதனால் சினிமாப் பட உரிமைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. எத்தனை கட்ட முடியும் என்று தெரிந்துகொண்டு அத்தனையை மட்டும் விற்றது அவர்களைக் காப்பாற்றியது என்றே நினைக்கிறேன். அதே ஆண்டுகளில் கனவை முன்பணத்துக்கு விற்று, இயந்திரத்தைக் கொடுக்க முடியாமல் மூழ்கிய பட்டறைகளும் உண்டு.

இந்தியாவோடு தொடர்புள்ள கதை ‘அமெரிக்கன் பின்பால்’. சிகாகோவை ஒட்டிய பகுதியில் 2015இல் தொடங்கிய இந்த நிறுவனத்தின் பின்னால் நின்றது இந்திய வம்சாவளியினரான வசானி குடும்பம். அவர்களின் முதல் தொழில் எய்ம்ட்ரான். பிற நிறுவனங்களுக்கு மின்னணுச் சர்க்யூட் பலகைகள் தயாரித்துக் கொடுப்பது அதன் வேலை. குஜராத்தின் வடோதராவிலும் அதற்கு ஆலை இருக்கிறது. தவல் வசானி பொறுப்பில், பின்பால் உறுப்புகளைச் செய்து பழகிய ஜோ பால்சர் வடிவமைத்த ‘ஹூடினி’ 2017இல் வெளிவந்தது. பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து தப்பிக்கும் மாயவித்தைக்காரரின் கதை என்பதால் மேசையிலும் ஒரு பெட்டி உண்டு. குண்டை அதற்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆடுபவரின் பாடு. அடுத்து ‘அக்டோபர்ஃபெஸ்ட்’, 2020இல் ‘ஹாட் வீல்ஸ்’, பிறகு ‘லெஜண்ட்ஸ் ஆஃப் வல்ஹாலா’ என்று தொடர்ந்தார்கள்.

சிறு பட்டறைகளுக்கு இன்னோர் ஆதரவு டெக்சாஸிலிருந்து வந்தது. அங்கே ஜெரி ஸ்டெலன்பர்க்கின் மல்டிமார்ஃபிக் நிறுவனம் பி-ராக் என்ற கட்டுப்பாட்டுப் பலகையை யார் வேண்டுமானாலும் வாங்கிப் பயன்படுத்தும்படி விற்றது. நூற்றுக்கணக்கான சுவிட்சு, விளக்கு, காயில்களை இயக்கும் மின்னணுவை முதலிலிருந்து உருவாக்கும் சுமை பலருக்கு நீங்கியது. ‘ஹூடினி’யும் அந்த பி-ராக் வகைப் பலகையில்தான் ஓடியது. இவர்கள் எல்லோரையும் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. பின்பாலை மட்டும் நம்பி நின்றவர்களை விட, சர்க்யூட் பலகையோ வேறு நிலையான வேலையோ கையில் வைத்துக்கொண்டு பின்பால் கட்டியவர்களுக்கே மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது.

மரக்காணம் பக்கம் இந்த இயந்திரத்துக்கு வேண்டிய கைகள் இல்லை என்று சொல்ல முடியாது. உப்புத் தண்ணீரில் கிடந்து கருகும் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவருக்கு இரட்டைச் சுற்றுக் காயில் புதிய வித்தை அல்ல. மரப்படகுக்கு ரசமட்டம் பிடிக்கத் தெரிந்த தச்சர், போர்டு எழுதும் ஓவியர், எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பும் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். குண்டுக்குத் தேவையான அளவு பேரிங் தொழிலில் புழங்கும் அளவுதான். கவனிக்க வேண்டியது உப்புக் காற்றை. எஃகுக் குண்டில் துருப் புள்ளி விழுந்தால் அது ஆட்டப்பலகையின் வார்னிஷை அரத்தைப் போலத் தேய்க்கும், மாற்றத்தான் வேண்டும். சுவிட்சுத் தகடுகளில் பச்சை படிந்தால் இயந்திரம் குண்டைக் காணாதது போல நடந்துகொள்ளும்.

கட்டத் தொடங்குகிறவர் விளக்கும் ஓவியமும் இல்லாமல்தான் தொடங்க வேண்டும். அனுபவம் உள்ள வடிவமைப்பாளர்களும் முதலில் வண்ணம் பூசாத வெறும் பலகையில் இரண்டு பிளிப்பரையும் நாலு தடையையும் மட்டும் பொருத்தி நாள்கணக்காக ஆடிப் பார்க்கிறார்கள். பிளிப்பரின் நுனியிலிருந்து அடித்தால் குண்டு எங்கே போகிறது, நடுவிலிருந்து அடித்தால் எங்கே போகிறது, தவறவிட்ட குண்டு நேரே வாய்க்குள் விழுகிறதா, இன்னொரு வாய்ப்புத் தந்து விழுகிறதா என்று குறித்துக்கொண்டு, ஆணியைப் பிடுங்கி அரை அங்குலம் தள்ளி மறுபடி அடிக்கிறார்கள்.