எங்களுக்குப் பிறகு யார்?

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், பிறவியிலோ விபத்திலோ யுத்தத்திலோ வலுவிழந்த பிள்ளையை, அப்பிள்ளைக்கு நாற்பது வயது கடந்த பின்னும் தாமே குளிப்பாட்டி, ஊட்டி, உடுத்திவிட்டுத் தாமும் முதுமை எய்திவிட்ட தாய்மாரைக் காணலாம். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எங்கட காலத்துக்குப் பிறகு இவன ஆரு பாக்கிற?"

நோயுற்றோரையும் வலுவிழந்தோரையும் ஊரைவிட்டு விலக்கி வைப்பதே முற்காலத்தவர் பலரும் கண்ட வழி. பிரித்தானியர் ஆட்சியில் தொழுநோயாளருக்கு வைத்தியசாலை அமைக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட இடம், வாவியின் நடுவே தோணியேறிச் செல்லவேண்டிய மாந்தீவு என்பதை நினைத்தாலே அக்காலத்து மனோபாவம் விளங்கும். அது இன்று சட்டத்தளவிலேனும் மாறியிருக்கிறது. வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டில் ஏற்று உறுதிப்படுத்திற்று; எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமை ஏனையோருக்குப் போலவே அவர்களுக்கும் உண்டென்று அதன் 19ஆம் உறுப்புரை கூறுகிறது.

அவ்வுரிமை நடைமுறையில் எவ்வாறு அமையும் என்பதற்குத் தமிழ்நாட்டிலே ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட ‘தி பேன்யன்’ நிறுவனம், மனநோயினால் நெடுங்காலம் காப்பகத்தில் தங்கிவிட்டவர்களுக்காக 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்னும் திட்டத்தை நடத்திவருகிறது. சாதாரணத் தெருவொன்றில் வாடகை வீடெடுத்து, நாலைந்து பேர் ஒரு குடும்பம்போல் அதில் வாழ, உதவியாளரும் உடனிருப்பர். புத்தி வளர்ச்சியிலோ தேக வலுவிலோ குறைவுடையவர்களுக்கும் இம்முறை உகந்தது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் அத்தகைய வீட்டின் நன்மை தீமை யாவும் அங்கே வேலை செய்யும் பராமரிப்பாளரின் கையிலேயே இருக்கின்றன.

சோறு ஊட்டுவது எவருக்கும் கைவந்த காரியம் என்று நினைக்கிறோம். மூளை முடக்குவாதத்தினால் விழுங்குவதற்குச் சிரமப்படும் ஒருவருக்கு ஊட்டுகிறவர், அவரை நிமிர்ந்து உட்காரச்செய்து, மோவாய் சற்றே தாழ்ந்திருக்கும்படி தலையைத் தாங்கி, மீனின் முள்ளை விரலால் தடவித் தடவி அகற்றி, குழையப் பிசைந்த சோற்றைச் சிறு கரண்டியளவாய் வைத்து, தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணாற் கண்ட பின்னரே அடுத்த வாய் கொடுக்கவேண்டும்; அவசரப்பட்டால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாக் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். உண்ட பின்னும் அரைமணி நேரம் படுக்கவிடலாகாது. வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் ஒரு பயனுமில்லை. ஒருக்களித்துக் கிடத்தி, வாயில் எதையும் இடாமல், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். ஐந்து நிமிஷத்துக்குமேல் நீடித்தால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில், தாகமென்று சொல்ல இயலாதவருக்கு, அவருடைய உதட்டின் வறட்சியையும் சிறுநீரின் நிறத்தையும் கவனித்துத் தண்ணீர் கொடுக்கவேண்டும்.

இவை யாவும் பயிற்சியினால் வரும். இவற்றிலும் அரிது, கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருப்பது. சட்டைப் பொத்தான்களைப் பூட்டப் பத்து நிமிஷம் எடுக்கும் மனிதருக்கு, அதைத் தாமே பூட்டிவிடுவது பராமரிப்பாளருக்கு எளிது. இரக்க மிகுதியால் அப்படிச் செய்து செய்தே, ஐம்பது வயதுக்காரரைக் கைக்குழந்தையாக்கிவிட்டவர்கள் உண்டு. புட்டா இடியப்பமா, நீலச் சட்டையா வெள்ளையா என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருந்து, "வேண்டாம்" என்றால் அதையும் ஏற்றுக்கொண்டு, குளிப்பாட்டும்போது கதவைச் சாத்தி, பிறர் முன்னிலையில் "அண்ணன்", "அக்கா" என்று அழைக்கிற பராமரிப்பாளரிடத்திலேதான் அம்மனிதர் தம் கௌரவம் குன்றாமல் வாழ முடியும்.

இத்தொழிலுக்கு நம் நாட்டிலே பயிற்சியும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழும் உண்டு. தேர்ச்சி பெற்றவர்களிற் பலர் இஸ்ரேலுக்கும் யப்பானுக்கும் போய்விட விரும்புகிறார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. இங்கே நாம் அவர்களுடைய வேலையைப் புண்ணியம் என்று புகழ்கிறோம். ஊதியம் என்று வரும்போது மௌனமாகிவிடுகிறோம். குறைந்த வருமானமுள்ள வலுவிழந்தோருக்கான மாதாந்தக் கொடுப்பனவை 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்திற்று; அதைக்கொண்டு ஒருவர் உண்பாரா, உதவிக்கு ஆள் வைப்பாரா? இரவும் பகலும் ஒருவரே ஓய்வின்றிப் பார்க்கும் இல்லத்தில், நல்ல மனமுடையவரும் களைப்பு மிகுந்த ஒரு நேரத்தில் கைநீட்டிவிடக்கூடும். முறைவைத்து வேலையும், விடுமுறையும், போதிய சம்பளமும் பராமரிப்பாளரை மட்டுமன்றி, பராமரிக்கப்படுகிறவரையும் காக்கின்றன.

புலம்பெயர்ந்து வாழும் மட்டக்களப்பார் ஊருக்கு உபகாரம் செய்ய முன்வரும்போது பெரும்பாலும் கட்டிடம் கட்டித்தரவே விரும்புகிறார்கள். அவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுவே: அடுத்த மண்டபத்துக்கு அத்திவாரம் இடுமுன், இருக்கின்ற இல்லமொன்றில் இரவுக் கடமைக்கு இன்னுமொரு பராமரிப்பாளரை நியமித்து, அவருடைய சம்பளத்தை ஒரு வருஷத்துக்கேனும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.