பழங்காலக் கார் வாங்குவோர் கவனத்துக்கு: வயது, வடிவம், ஆவணம் குறித்துச் சட்டம் சொல்வது என்ன?

திருவனந்தபுரம்: அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, பழைய வில்லிஸ் ஜீப் போன்ற வாகனங்களுக்கும், தோற்றம் மாற்றப்பட்ட கார்களுக்கும் கேரளத்தில் ஆர்வலர்கள் ஏராளமாக உள்ளனர். இணையவழி விற்பனை விளம்பரங்களில் இவ்வகை வாகனம் ஒன்று இடம்பெற்றால், அதன் வண்ணம், இருக்கை, சக்கரம் ஆகியவை குறித்தே முதலில் விவாதம் எழுகிறது. ஆனால், அந்த வாகனத்தைச் சாலையில் ஓட்ட முடியுமா, அதற்குக் கொடுத்த பணம் நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு மூன்று கேள்விகள். வாகனத்தின் வயது என்ன? அது மூல வடிவில் உள்ளதா? அதன் வரலாறு ஆவணங்களில் அறுபடாமல் உள்ளதா?

திருவனந்தபுரத்தின் இரு கார்கள்

இக்கேள்விகளின் முக்கியத்துவத்தைத் தலைநகரோடு தொடர்புடைய இரு கார்கள் உணர்த்துகின்றன. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவராக இருந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பயன்படுத்திய, 1950-களைச் சேர்ந்த மெர்சிடிஸ் பென்ஸ் அவற்றில் ஒன்று. 'கேன் 42' என்ற பதிவெண் கொண்ட அந்தக் காரை அவர் 2013-ஆம் ஆண்டு மறையும் வரை தம்மிடமே வைத்திருந்தார். பின்னர், தொழிலதிபர் எம்.ஏ. யூசுப் அலிக்கு அதனை அன்பளிப்பாக வழங்க அரச குடும்பத்தினர் முடிவு செய்தது 2022-ஆம் ஆண்டு செய்தியானது. யாருடைய கார், எந்தப் பதிவெண், எத்தனை ஆண்டுகள் யாரிடம் இருந்தது என்பவற்றில் ஐயத்துக்கு இடமில்லாத வாகனத்துக்கு இது எடுத்துக்காட்டு.

மற்றொன்று 'அரவிந்த்'. கே.ஏ. பாலகிருஷ்ண மேனன் 1960-களில் திருவனந்தபுரத்தில் அரவிந்த் ஆட்டோமொபைல்ஸ் என்ற பெயரில் உருவாக்கிய உள்நாட்டுக் கார் அது. உரிமம் கிடைக்காததால் அந்த முயற்சி பெருமளவு உற்பத்தியை எட்டவில்லை. கையால் உருவாக்கப்பட்ட இத்தகைய கார்களைப் பெரிய நிறுவனம் ஒன்றின் தயாரிப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வழியில்லை. அவற்றுக்கான அடையாளம் பதிவுச் சான்றும், உரிமை கைமாறிய வரலாறும் மட்டுமே.

50 ஆண்டு என்ற எல்லை

பேச்சு வழக்கில் பழைய கார்கள் அனைத்தையும் 'வின்டேஜ்' என்று அழைத்தாலும், சட்டத்தில் அச்சொல்லுக்குத் திட்டவட்டமான பொருள் உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலை 15 அன்று வெளியிட்ட விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களே இவ்வகையைச் சேரும். அடிச்சட்டம், வெளிக்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல், மூல வடிவிலேயே வாகனம் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனையாகும்.

ஏற்கனவே பதிவான வாகனங்கள் பழைய எண்ணையே தக்கவைத்துக் கொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்யப்படும் வாகனத்துக்கு மாநிலக் குறியீட்டை அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட எண் வழங்கப்படும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லுபடியாகும்.

இந்தச் சலுகைக்கு ஒரு வரம்பு உள்ளது. இவ்வகையில் பதிவான வாகனத்தை அன்றாடப் பயணத்துக்கோ வணிக நோக்கத்துக்கோ பயன்படுத்த இயலாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழங்கால வாகனப் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம். நாள்தோறும் அலுவலகம் செல்லப் பழைய காரைத் தேடுபவருக்கு இப்பதிவு பயன்படாது.

விளம்பரங்களில் இடம்பெறும் 'பழைய' கார்களில் பல இந்த எல்லையை எட்டாதவை. 1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800-இன் முதல் கார்கள்கூட 2033-ஆம் ஆண்டில்தான் 50 வயதை நிறைவு செய்யும். அதுவரை அவை சாதாரண வாகனங்களுக்கான விதிகளுக்கே உட்பட்டவை. 15 ஆண்டுகளுக்குப் பின் தகுதிச் சோதனையுடன் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டுகளைக் கடந்த இலகு ரக வாகனங்களுக்கான புதுப்பித்தல் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது. இறக்குமதி செய்யப்பட்ட நான்கு சக்கர வாகனங்களுக்கு இக்கட்டணம் 80,000 ரூபாய். இதுதவிர, 15 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கான வரியை 50 சதவீதம் உயர்த்தும் அறிவிப்பும் கேரள அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது.

உருமாற்றத்துக்குச் சட்டம் விதிக்கும் தடை

மாற்றம் செய்யப்பட்ட வாகனங்களின் நிலை இன்னும் சிக்கலானது. இதில் நாடு முழுவதற்கும் வழிகாட்டியாக அமைந்த தீர்ப்பு கேரள வழக்கு ஒன்றிலேயே பிறந்தது. வாகனத்தின் கட்டமைப்பில் மாற்றம் செய்ய மாநில விதிகள் இடமளிப்பதாகக் கேரள உயர்நீதிமன்றம் கூறியிருந்தது. உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் அதனை ஏற்க மறுத்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்க முடியாது என்றும், மாநில விதிகள் அப்பிரிவுக்குக் கட்டுப்பட்டவையே என்றும் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு நிறைவேறிய சட்டத் திருத்தம் தண்டனையையும் கடுமையாக்கியது. அனுமதிக்கப்படாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க 182-ஏ பிரிவு வகை செய்கிறது. ஒரே வாகனத்தில் பல மாற்றங்கள் இருந்தால் அபராதம் அதற்கேற்பப் பெருகும். 2024-ஆம் ஆண்டு ஆலப்புழையில் காருக்குள் நீச்சல் தொட்டி அமைத்துச் சாலையில் ஓட்டிய காணொளி வெளியானபோது, மோட்டார் வாகனத் துறை நடவடிக்கை எடுத்தது நினைவிருக்கலாம்.

எல்லா மாற்றங்களும் குற்றமல்ல. அங்கீகரிக்கப்பட்ட எரிவாயு அல்லது மின்சார இயக்கச் சாதனத்தைப் பொருத்துதல், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப வாகனத்தை அமைத்தல், பதிவு அதிகாரியின் ஒப்புதலுடன் இன்ஜினை மாற்றுதல் போன்றவற்றுக்குச் சட்டத்தில் இடமுண்டு. அந்த மாற்றம் பதிவுச் சான்றில் இடம்பெற வேண்டும் என்பதே முக்கியம். பதிவுச் சான்றில் பெட்ரோல் என்றிருக்க, பானெட்டைத் திறந்தால் டீசல் இன்ஜின் இருக்கும் ஜீப்பை வாங்குபவர், விற்றவரின் விதிமீறலையும் சேர்த்தே வாங்குகிறார். இத்தகைய வாகனம் தகுதிச் சோதனையில் நிராகரிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடு பெறுவதிலும் சிக்கல் எழலாம்.

50 ஆண்டுகளைக் கடந்த காரின் இன்ஜினை அகற்றி மின்மோட்டார் பொருத்தினால், உரிய ஒப்புதலுடன் அதனைச் சாதாரண வாகனமாக ஓட்டலாம். ஆனால், மூல வடிவம் என்ற நிபந்தனையை இழப்பதால், பழங்கால வாகனம் என்ற தகுதி அதற்குக் கிடைக்காது.

எது அசல்?

பழுதுபார்ப்புக்கும் உருமாற்றத்துக்கும் இடையே கோடு எங்கே என்ற கேள்வி உலகெங்கும் எழுந்துள்ளது. லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி கார் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 1990-ஆம் ஆண்டு அதனை ஒரு கோடி பவுண்டு மதிப்பில் வாங்க ஒப்புக்கொண்ட தரப்பினர், பாகங்கள் பெரும்பாலும் மாற்றப்பட்டுவிட்டதால் அது உண்மையான பந்தயக் கார் அல்ல எனக் கூறி மறுத்தனர். வழக்கை விசாரித்த லண்டன் உயர்நீதிமன்ற நீதிபதி ஓட்டன், பாகங்கள் மாறியிருந்தாலும் அந்தக் காரின் வரலாறு ஒருபோதும் அறுபடவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். அப்பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறு கார் எதுவும் இல்லை என்ற அடிப்படையில், விற்றவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

இந்திய விதிகள் இதைவிடக் கண்டிப்பானவை. வரலாறு தொடர்ந்து வந்திருந்தால் மட்டும் போதாது. முக்கியப் பாகங்களும் மூல வடிவில் இருக்க வேண்டும். எனினும், இரு நாடுகளிலும் ஆவணமே முதல் சாட்சி.

'நும்கோர்' சோதனை கற்பித்த பாடம்

ஆவணங்களே போலியானால் என்ன ஆகும் என்பதைக் கேரளம் அண்மையில் கண்டது. பூட்டானிலிருந்து பழைய சொகுசு வாகனங்கள் முறைகேடாகக் கொண்டுவரப்பட்டதாகக் கிடைத்த தகவலின் பேரில், கொச்சி சுங்கத் துறையினர் 2025 செப்டம்பர் 23 அன்று மாநிலத்தின் பல இடங்களில் சோதனை நடத்தினர். பூட்டானின் சோங்கா மொழியில் வாகனத்தைக் குறிக்கும் 'நும்கோர்' என்ற சொல்லே நடவடிக்கையின் பெயரானது. திரைப்பட நடிகர்களின் வீடுகள் உட்பட நடந்த சோதனைகளில் முதல் நாளிலேயே 36 வாகனங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. ராணுவம், தூதரகங்கள் ஆகியவற்றின் பெயரில் போலி ஆவணங்கள் தயாரிக்கப்பட்டு, பிற மாநிலங்களில் பதிவு பெறப்பட்டதாகச் சுங்கத் துறை குற்றஞ்சாட்டியது. சோதனைக்கு உள்ளானதாலேயே வாகனத்தை வாங்கியவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. ஆனாலும், விசாரணை முடியும் வரை வாகனம் கைவிட்டுப் போகும் நிலை ஏற்படுகிறது.

பயன்படுத்தப்பட்ட கார்களை இறக்குமதி செய்வதற்கான பொது நிபந்தனைகளின்படி, கார் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாததாகவும், வலப்புற ஸ்டீயரிங் கொண்டதாகவும் இருக்க வேண்டும். எனவே, வெளிநாட்டில் பல ஆண்டுகள் ஓடிய ஜீப் வகை வாகனம் குறைந்த விலையில் கிடைக்கிறது என்றால், அது நாட்டுக்குள் வந்த வழியைக் கேட்பது அவசியம். வேறொருவர் இறக்குமதி செய்த போர்ஷே காரைப் பின்னாளில் வாங்கியவரிடம் சுங்கவரி கோரப்பட்ட கேரள வழக்கில், அவரை இறக்குமதியாளராகக் கருத முடியாது என 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், அந்தக் கார் 2000-களின் தொடக்கத்தில் நாட்டுக்குள் வந்தது. வாங்கியவர் நீதிமன்றத்தில் பெற்ற விடுதலைக்கு அவ்வளவு காலம் ஆனது.

முன்பணத்துக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

வாகனத்தை நேரில் கண்டு, அடிச்சட்ட எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பதிவுச் சான்றோடு ஒப்பிடுவதே முதல் பணி. எண்கள் பொறிக்கப்பட்ட இடத்தில் பற்றவைப்போ தேய்ப்போ தென்பட்டால் விலகிவிடுவது நலம். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் முதல் பதிவு நாள், எரிபொருள் வகை, தகுதிச் சான்றின் காலம், கடன் நிலுவை ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். பழைய பதிவெண்ணும் ஒரு தடயம்தான். 1989-ஆம் ஆண்டு 'கேஎல்-01' போன்ற எண்முறை வருவதற்கு முன், திருவனந்தபுரத்தில் பதிவான வாகனங்கள் 'கேஎல்டி' போன்ற குறியீடுகளைக் கொண்டிருந்தன. அக்குறியீடு கொண்ட காரின் பதிவு ஆண்டு 1995 என்று காட்டப்பட்டால் விளக்கம் கேட்க வேண்டும்.

பிற மாநில வாகனம் எனில், முதலில் பதிவான அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. கடன் இருந்திருந்தால், அது தீர்க்கப்பட்டதைக் காட்டும் படிவம் 35-ஐப் பெற வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30 ஆகியவற்றைச் சமர்ப்பிக்க வேண்டும். விற்றவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கான விதியாகும்.

இதில் விற்பவருக்கும் பொறுப்பு உண்டு. பெயர் மாற்றம் நடைபெறாத வாகனம் விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என உச்சநீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியுள்ளது. பணத்தைப் பெற்றுக்கொண்டு கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தைக் கொடுத்தனுப்புவது, அந்த வாகனம் எங்கோ ஏற்படுத்தும் சேதத்துக்குத் தானே பிணை நிற்பதற்குச் சமம்.

மங்கிய வண்ணத்தையும் கிழிந்த இருக்கையையும் பணிமனையில் சரிசெய்துவிடலாம். பதிவேட்டில் உள்ள முரண்பாட்டை அங்கே சரிசெய்ய இயலாது. ஆகவே, தோற்றம் சற்றுக் குறைந்திருந்தாலும் ஆவணங்கள் முழுமையாக உள்ள காரைத் தேர்ந்தெடுப்பதே வாங்குவோருக்குப் பாதுகாப்பானது.