உயிர்ப்பசளையின் உயிரைக் காத்தல்

உயிர்ப்பசளை என்பது யூரியாவைப் போன்ற இரசாயனப் பசளையன்று. அது உயிருள்ள பற்றீரியாக்களின் கூட்டமாகும். அசோஸ்பிரில்லம் என்னும் பற்றீரியா நெல்லின் வேரைச் சார்ந்து வாழ்ந்து, காற்றிலுள்ள நைதரசனைப் பயிர் உட்கொள்ளத்தக்க வடிவிற்கு மாற்றுகின்றது. பொசுபோபற்றீரியா, மண்ணிற் கரையாது கிடக்கும் பொசுபரசைக் கரைத்துப் பயிருக்குக் கொடுக்கின்றது. இவை உயிருடன் இருக்குமளவுமே பயன்தரும். இறந்த பற்றீரியாக்களைக் கொண்ட பொதி வெறுந் தூளே. அதற்குக் கொடுத்த பணமும், அதனை நம்பிப் பசளையைக் குறைத்தமையாற் குன்றிய விளைவும் கமக்காரருக்கு நட்டமாகும்.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட காலத்தில், சேதனப் பசளையையும் உயிர்ப்பசளையையும் நாடவேண்டிய நிலை கமக்காரருக்கு ஏற்பட்டது. அத்தடை நீங்கிய பின்னரும் இவற்றின் தேவை நீங்கவில்லை. ஆகவே இவற்றைப் பேணும் முறையை அறிதல் அவசியமாகும்.

பற்றீரியா மடிவது எவ்வாறு?

வழமையாக இப்பற்றீரியாக்கள் முற்றா நிலக்கரித்தூள், பழுப்பு நிலக்கரித்தூள் முதலியவற்றிற் கலந்து பொதிசெய்யப்படுகின்றன. பூவரசங்குளம் போன்ற உலர்வலயக் கிராமங்களில், தகரக் கூரையின் கீழோ வெயிலிலோ கிடக்கும் பொதி விரைவிற் சூடேறும். தூளின் ஈரம் வற்றும், பற்றீரியா மடியும். எஞ்சியவை மண்ணை அடைந்ததும், அங்கு முன்னரே வாழும் நுண்ணங்கிகளுடன் உணவுக்காகப் போட்டியிட நேரும். புரொற்றோசோவா எனப்படும் நுண்ணுயிர்கள் அவற்றை இரையாகவுங் கொள்ளும்.

நுண்ணுறையிடல்

இக்குறையை நீக்க விஞ்ஞானிகள் கண்ட வழி, பற்றீரியாவுக்கு ஓர் உறை அமைத்தலாகும். நெல்மணிக்கு உமி எவ்வாறோ, பற்றீரியாவுக்கு இவ்வுறை அவ்வாறே. கபிலநிறக் கடற்பாசியிலிருந்து பெறப்படும் அல்ஜினேற்றுக் கரைசலிற் பற்றீரியாவைக் கலந்து, கல்சியம் குளோரைட்டுக் கரைசலினுள் துளித்துளியாக விடுவர். ஒவ்வொரு துளியும் உடனே இறுகிச் சிறுமணியாகும். அதனுட் பற்றீரியா அடங்கியிருக்கும். மண்ணிலிட்டபின் மணி சிறிது சிறிதாகச் சிதைய, பற்றீரியா படிப்படியாக வெளிப்பட்டு வேரை அடையும். அசோஸ்பிரில்லத்தை இவ்வாறு மணிகளில் அடைக்கும் முறையை யோவாவ் பசான் என்னும் ஆய்வாளர் 1986ஆம் ஆண்டில் வெளியிட்டார். இந்தியாவில், கோழிக்கோட்டிலுள்ள நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையம், பயிருக்குதவும் பற்றீரியாவை மருந்துக் குளிகை போன்ற ஜெலற்றின் உறையில் அடைத்துள்ளது. அதனைச் சாதாரண வெப்பநிலையிலேயே சேமித்து வைக்கலாம்.

கமக்காரர் செய்யவேண்டியவை

உறையிட்ட பசளை கைக்கு எட்டும்வரை, தூட்பொதியின் உயிரைக் காப்பது கமக்காரரின் கையிலேயே உள்ளது.

1. காலாவதித் திகதியைப் பார்த்து வாங்குக. பொதியை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க.

2. இரசாயனப் பசளையுடனும் பீடைநாசினியுடனும் கலத்தலாகாது.

3. காய்கறி விதைக்கு ஆறிய கஞ்சியுடன் கலந்து பூசி, நிழலில் அரை மணிநேரம் உலர்த்தி, 24 மணித்தியாலத்துள் விதைக்க.

4. கத்தரி, மிளகாய் நாற்றுக்களின் வேரைப் பசளை கரைத்த நீரில் 15 முதல் 30 நிமிடம்வரை அமிழ்த்தி வைத்து நடுக.

5. வயலில் இடுவதாயின், மக்கிய எருவுடன் கலந்து, மண் ஈரமாயுள்ளபோது மாலைவேளையில் இடுக.

உயிர்ப்பசளை நைதரசன் தேவையின் ஒரு பகுதியையே ஈடுசெய்யும். ஆதலின், இரசாயனப் பசளையை எவ்வளவு குறைக்கலாம் என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்தே குறைத்தல் வேண்டும். விதைநெல்லை முளைதிறன் கெடாது பேணும் கமக்காரர், இதனையும் ஒரு விதையாகவே எண்ணிப் பேணுவாராயின் செலவிட்ட பணம் வீண்போகாது.